ஐந்து கவுன், ஒரே அளவு

டீச்சரின் இடுப்பைச் சுற்றிப் பிடித்த இஞ்ச் டேப் முப்பத்தெட்டரை காட்டியது. அவள் டேப்பை நழுவவிட்டு மறுபடி சுற்றினாள். பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் வரிவரியாகப் போட்டிருந்தது. மிஷின் எண்ணெயும் சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டியும் கலந்த வாசனை அறை முழுக்க நின்றது. கீழ்வீட்டுப் பூனை படிக்கட்டில் எங்கோ இழுத்து இழுத்துக் கத்திக்கொண்டிருந்தது. எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தன. டேப் மட்டும் முப்பத்தெட்டரையை விட்டு நகரவில்லை.

"என்னம்மா, ஒரு இடுப்பை எத்தனை தடவை அளப்ப?" என்றார் டீச்சர்.

"டேப்பு முறுக்கிக்கிச்சு டீச்சர்."

டேப் முறுக்கிக்கொள்ளவில்லை. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷமான டீச்சர் இரண்டு மாதத்துக்கு முன்பு இதே இடத்தில் நின்றபோது, உடைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்கு ஒல்லி. இன்று அடிவயிறு முன்னால் தள்ளியிருக்க, ஒரு கையால் முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றார். பத்து நாள் முன்னால்தான் அவருடைய கவுனின் பக்கத் தையல்களைப் பிரித்து விட்டுக் கொடுத்திருந்தாள். மறுபடி பிடிக்கிறதாம்.

வயசானால் சிலருக்கு வயிறு போடும். அது அவளுக்குத் தெரியாததா? பதினாறு வருஷமாக அடுத்தவர் உடம்பை அளந்தே பிழைக்கிறவள். ஆனால் அன்று காலை குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் நின்று, தன் ஏழு மாத வயிற்றைச் சுற்றி அளந்தபோதும் வந்தது இதே முப்பத்தெட்டரைதான்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தன்னை அளந்து, அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைப்பது அவள் வழக்கம். வயிற்றில் வந்த முதல் இரண்டு பிள்ளைகளும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இது தங்கிவிட்டது. டாக்டரம்மா ஆயிரம் சொல்லட்டும், கால் இஞ்ச், அரை இஞ்ச் என்று எண் ஏறுவதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு அடுத்த வாரம் வரைக்கும் உயிர் இருக்கும். இந்தப் பிள்ளை போனால் தன்னால் இன்னொரு தடவை தாங்க முடியாது என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள். அது மிரட்டல் இல்லை, உள்ளது அதுதான்.

டீச்சர் படியிறங்கிப் போன பிறகு, அறையில் பால் காய்ச்சிய வாசனை கொஞ்ச நேரம் நின்றது. அன்று அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை.

அந்தக் கவுன்கள் வந்த கதை இதுதான். ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை, அந்தக் கட்டடத்து மற்ற ஐந்து வீட்டுக்காரிகளும் சேர்ந்து வந்தார்கள். மூன்று தளம், தளத்துக்கு இரண்டு வீடு. கீழே டீச்சரும், பூனை வளர்ப்பதால் பூனையம்மா என்று பேர் வாங்கியவரும். நடுத்தளத்தில் பெரியக்கா, எதிரில் அவர் தங்கை சின்னக்கா. மேலே, இவள் வீட்டுக்கு எதிரே, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா. ஐவரும் அறுபதைத் தாண்டியவர்கள், தனிக்கட்டைகள், பிள்ளை இல்லாதவர்கள். அந்தக் கட்டடத்தில் ஆண் என்று இருந்தது இவள் புருஷன் ஒருத்தன்தான். மோட்டார் ஓடவில்லை, பல்பு எரியவில்லை, எலி வந்துவிட்டது, எல்லாம் அவன் தலையில்தான் விடியும்.

பெரியக்காவும் சின்னக்காவும் சேர்ந்து வந்ததே அதிசயம். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒருத்தர் கதவைத் திறந்தால் மற்றவர் சாத்திக்கொள்வார். அன்று ஒரே துணி மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெளுத்த, மெல்லிய பருத்தித் துணி. வீட்டில் போட்டுக்கொள்ள நீள கவுன் வேண்டும், ஐந்து.

"எங்களுக்குத் தனித்தனியா அளவு எடுக்காதம்மா," என்றார் நர்ஸம்மா. "உன் அளவுக்கே அஞ்சையும் தைச்சிடு. இன்னிக்கு உன் உடம்பு என்னவோ, அதே."

"எனக்கு வயிறு இருக்கேம்மா. உங்களுக்குத் தொளதொளன்னு நிக்கும்."

"இருக்கட்டும். நிறைஞ்சுக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

துணியை மாட்டிப் பார்க்கும் பொம்மை அவளிடம் கிடையாது. தன் உடம்புக்கு ஒத்துவரும் உடையாக இருந்தால், தைத்து முடித்ததும் தானே ஒரு பொழுது போட்டுக்கொண்டு வீட்டு வேலை செய்வாள். எங்கே இழுக்கிறது, எங்கே தூக்குகிறது என்று உட்கார்ந்து எழுந்தால்தான் தெரியும். அந்தப் பழக்கத்துக்காகவே அவளைத் தேடி வருகிறவர்கள் உண்டு. நர்ஸம்மாவுக்கும் அது தெரிந்திருந்தது.

"ஒவ்வொண்ணையும் ஒரு நாள் முழுக்கப் போட்டுட்டுக் குடு. துவைக்காம குடு."

"வேர்வையோடவாம்மா?"

"துவைச்சா சுருங்கிடும் பாரு."

வெட்டுவதற்கு முன்னால் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிட்டால் அப்புறம் சுருங்காது. அதைச் செய்துவிட்டுத்தான் வெட்டினாள். அதனால் அந்தக் காரணம் பொய் என்று அவளுக்கு அப்போதே தெரியும். ஆனாலும் வயசில் பெரியவர்கள், எதிர்வீடு, வாய் திறந்து கேட்டுவிட்டார்கள், மறுத்தால் நன்றாகவா இருக்கும்? ஐந்து நாள், ஐந்து கவுனையும் காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை போட்டுக்கொண்டாள். அந்த ஐந்து நாளில்தான் பிள்ளை முதல்முதலாக அசைந்தது. முதல் நாள் ஒரு துடிப்பு. ஐந்தாம் நாள் நெளிந்து புரண்டு ஒரு ஆட்டமே ஆடியது. அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு வேறு எதுவும் புத்தியில் ஏறவில்லை. மடித்து, தாளில் சுற்றி, உடம்புச் சூடு ஆறுவதற்குள் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

டீச்சர் வந்துபோன அடுத்த செவ்வாய், அவள் வயிறு முப்பத்தெட்டு.

மூச்சை இழுத்துப் பிடித்து அளந்தாள். விட்டு அளந்தாள். சாப்பிட்ட பிறகு அளந்தாள். முப்பத்தெட்டு. சாயங்காலம் புருஷன் வந்ததும் வராததுமாகச் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் பழுது என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு ஸ்பேனரும் இருக்கும் என்று நம்புகிறவன்.

"ஏங்க, வயிறு இறங்குதுங்க."

"லிஃப்ட்டுதான் ஏறி இறங்கும். வயிறு எங்கயாவது இறங்குமா? உன் டேப்பு பழசு, இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கும்."

மறுநாளே புது டேப் வாங்கி வந்தான். அது முப்பத்தேழே முக்கால் காட்டியது. அவன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார், நகர்த்தி வைத்துக் கேட்டார், வேறு கருவி கொண்டுவரச் சொன்னார்.

"துடிப்பு இருக்கு. நல்லாத்தான் இருக்கு," என்றவர் நெற்றியைச் சுருக்கினார். "ஆனா பக்கத்து ரூம்ல இருந்து கேக்கற மாதிரி இருக்கு. குழந்தை உள்ள திரும்பியிருக்கும். நல்லா ரெஸ்ட் எடுங்க, அடுத்த வாரம் பாக்கலாம்."

புருஷனுக்கு அது போதும். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான். அவளுக்குப் பக்கத்து ரூம் என்ற சொல் காதிலேயே நின்றது.

அந்த வாரம் ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக அவள் வீட்டுக்கு வந்தார்கள். கவுன் பிடிக்கிறது, கொஞ்சம் பிரித்து விடு. கழற்றித் தாருங்கள் என்றால் மாட்டேன் என்றார்கள். உடம்பில் போட்டபடியே பிரித்துத் தைக்கச் சொன்னார்கள். பூனையம்மா முப்பத்தொன்பது. பெரியக்கா முப்பத்தொன்பது. பேசாத தங்கை சின்னக்காவும் முப்பத்தொன்பது. அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில், அந்தச் செவ்வாய்க்கு அவள் வயிறு எட்டியிருக்க வேண்டிய எண் அது. அவளுடைய எண். எல்லோரிடமும் இருந்தது, அவளிடம்தான் இல்லை.

கடைசியாக நர்ஸம்மா வந்தார். கவுனின் கீழ்மடிப்பை இறக்க வேண்டும் என்று அவள் தரையில் மண்டியிட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, டேப்பை அவர் வயிற்றின்மேல் பிடித்தாள். இரண்டு நாளாகத் தன் வயிற்றில் ஒரு உதை கூட இல்லாமல், தண்ணீர் குடித்தும் ஒருக்களித்துப் படுத்தும் கெஞ்சிக்கொண்டிருந்தாள் அவள். மெல்லிய துணிக்கு அடியில் ஏதோ புரண்டது. பிறகு அவள் புறங்கையில் ஒரு உதை விழுந்தது.

அவளுக்குத் தெரியும் அந்த உதை. முதலில் குதிகால், பிறகு ஒரு சின்னத் தடவல். நாலு வாரமாக விலா எலும்புக்குக் கீழே அவள் எண்ணி எண்ணி ரசித்த அதே உதை. வாயிலிருந்த குண்டூசிகள் தரையில் கொட்டின.

"பாத்துக்கம்மா, குத்திடப் போகுது," என்றார் நர்ஸம்மா. குனிந்து பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புதான். பிள்ளைத்தாய்ச்சியின் சிரிப்பு.

அன்றே தன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று புருஷனைப் பிடித்து உலுக்கினாள். ஊரின் அந்தக் கோடியில் அக்கா வீடு. அவன் மறு பேச்சுப் பேசாமல் துணிமணியைக் கட்டினான். தெருமுனை திரும்பும்போது வயிற்றில் மிச்சமிருந்த லேசான துடிப்பும் நின்றது. அக்கா கட்டிலைத் தட்டிப் போட்டாள், வெந்நீர் கொடுத்தாள், "பயப்படாதடி, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று வாய் ஓயாமல் சொன்னாள். ஒரு பகல், ஒரு இரவு. வயிற்றுக்குள் வெறும் அமைதி. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகச் செருப்பைக் கூடத் தேடாமல் கிளம்பினாள். கட்டடத்துப் படியில் கால் வைத்தபோது, உள்ளே, எங்கோ ஆழத்தில், ஒரு துளி அசைவு. அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். புருஷன் எங்கே கூப்பிட்டாலும் அவளால் இனி இந்த இடத்தை விட்டுப் போக முடியாது.

அடுத்த செவ்வாய் முப்பத்துநாலு.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். நர்ஸம்மா கதவைத் திறந்து, அவளைப் பார்த்து, அவள் கையைப் பார்த்து, ஒதுங்கி வழிவிட்டார். சுத்தமான வீடு. திரைச்சீலைகள் துவைத்துத் தொங்கின. மேஜைமேல் மடித்து அடுக்கிய சின்னச் சின்னத் துணிகள். பால் வாசனை மூச்சை அடைத்தது.

"கவுனைக் கழட்டிக் குடுங்கம்மா."

"கழட்ட வரலையேம்மா."

"என் பிள்ளையக் குடுங்க." சட்டென்று குனிந்தாள். "உங்க கால்ல விழறேன். எனக்கு ஏற்கனவே ரெண்டு போயிருக்கு. இது ஒண்ணுதாம்மா. உங்களுக்குத் தெரியும். எங்கிட்ட வந்து நீங்கதான கேட்டீங்க எத்தனாவது மாசம்னு?"

நர்ஸம்மா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார், கால்களை அகற்றி, வயிற்றைத் தொடைகளுக்கு நடுவே இறக்கி. அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை.

"நாப்பது வருஷம் அடுத்தவங்க பிள்ளையக் கையில வாங்கி, துடைச்சு, அடுத்தவங்க கையிலயே குடுத்தேன்," என்றார். "உனக்கு இன்னும் வயசிருக்கும்மா. இன்னொண்ணு பெத்துக்குவ. எங்களுக்கு இல்ல."

அவள் பாய்ந்தாள். கவுனின் பக்கத் தையலைப் பிடித்து இழுத்து, கத்தரிக்கோலின் முனையை நூலுக்கு அடியில் நுழைத்தாள். அவள் போட்ட தையல். எங்கே தொட்டால் பிரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஒரு நூல் அறுந்தது. வயிறு முழுதும் துணிக்குள் சுருண்டு பின்வாங்கியது, சூடு பட்டதுபோல. உள்ளிருந்து ஒரு சத்தம். மெல்லிய, வலிப்பட்ட சத்தம். அவள் பிள்ளைக்கு வலித்தது.

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டாள்.

"பாத்தியா," என்றார் நர்ஸம்மா ஆறுதலாக. "உன்னால முடியாது. நீ நல்ல அம்மா." பிறகு அறுந்த இடத்தைக் காட்டினார். "இதை மட்டும் தைச்சிட்டுப் போம்மா. காத்து போகுது."

அவள் தைத்தாள். வேறு என்ன செய்வாள்? நர்ஸம்மா நீட்டிய ஊசியில் மூன்றாம் தடவைதான் நூலைக் கோத்தாள். துணியைத் தூக்கிப் பிடித்து, உள்ளே இருப்பதன்மேல் ஊசி முனை படாமல், அழுதுகொண்டே, ஒவ்வொரு தையலாகப் போட்டு மூடினாள்.

அதன் பிறகு செவ்வாய்க்குக் காத்திருக்கவில்லை. தினம் அளந்தாள். முப்பத்திரண்டு. முப்பத்தொன்று. சாயங்காலம் முப்பது. டேப்பைத் தூக்கி எறிந்தாள், போய் எடுத்து வந்தாள். புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் படியிறங்கிப் போய் ஐந்து பேரையும் பார்த்துவிட்டு வந்து, "கிழவிங்க குண்டாயிட்டாங்க, அவ்வளவுதாம்மா" என்றான். சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வேலைக்கும் போகவில்லை.

வியாழன், நண்பகல். அவள் எழுந்து நின்றபோது உடை முன்பக்கம் தட்டையாக விழுந்தது. இருபத்தெட்டு. கல்யாணத்தன்று இருந்த இடுப்பு. புருஷன் கையை வைத்தான். கை தேடியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கீழே. நின்றுவிட்டது.

"இங்கயே இரு," என்றான். உதடு வெளுத்திருந்தது. "நகராத. வண்டி கூட்டிட்டு வரேன்." படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். வெளிக்கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

அவள் வாசலில் நின்றாள். எதிர்க் கதவு மூடியிருந்தது. எந்த வீட்டிலும் குழாய்ச் சத்தம் இல்லை, பாத்திரச் சத்தம் இல்லை. பூனை கூட வாயை மூடிக்கொண்டிருந்தது. படிக்கட்டின் உயரத்துக்கு வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. பால் வாசனை.

கீழே டீச்சர் முனகினார். நீளமாக, பல்லைக் கடித்து. அது முடியும் முன்பே பூனையம்மா. நடுத்தளத்தில் அக்காவும் தங்கையும், இரண்டு கதவுக்குப் பின்னால், ஒரே மூச்சில். எதிரே நர்ஸம்மா. ஒன்றாக எழுந்து, ஒன்றாக உச்சிக்குப் போய், ஒன்றாக அடங்கியது. இடைவெளி. மறுபடி. இடைவெளி குறைந்தது. மறுபடி.

அவளுக்கு ஒரு சுருக்கென்ற வலி கூட இல்லை. வயிற்றை இரண்டு கையாலும் கவ்விக்கொண்டு, வலி வரட்டும், வரட்டும் என்று வேண்டினாள். வரவில்லை.

அமைதி.

பிறகு அழுகை.

பிறந்த குழந்தையின் அழுகை. கீழே, டீச்சர் வீட்டில். வீறிட்டு எழுந்து, மூச்சு முட்டி, நின்றது. அவள் ஓடினாள். நின்ற மூச்சை இழுத்தது பெரியக்கா வீட்டில். இழுத்த மூச்சை விட்டது எதிரே, சின்னக்கா வீட்டில். அவள் நடுத்தளத்தில் திரும்பினாள். விக்கல் மேலே, நர்ஸம்மா வீட்டில். விக்கலுக்குப் பிறகான கேவல் கீழ்த்தளத்தில், பூனையம்மா வீட்டில். அடுத்த அலறல் டீச்சர் வீட்டில். ஒரே குரல். ஒரே குழந்தை. ஒரு அழுகை முழுதாக எந்த வீட்டிலும் இல்லை.

அவள் போய் பெரியக்கா வீட்டுக் கதவை அறைந்தாள். அழுகை அங்கே இல்லை. கீழே இறங்கி டீச்சர் கதவை அறைந்தாள். அதற்குள் மேலே போயிருந்தது. "அம்மா இங்க இருக்கேன்டா," என்று கத்தினாள். "இங்க இருக்கேன், இங்க." அவள் குரல் கேட்டதும் அழுகை பெரிதானது. ஐந்து கதவுக்குப் பின்னாலும் ஒவ்வொரு துண்டாக, அவளைத் தேடி, பசித்து.

படிக்கட்டின் நடுவே நின்றுவிட்டாள். மேலே ஒரு அடி வைத்தாள். கீழே ஒரு அடி வைத்தாள். மார்பு கனத்து, கல்லாகி, பொங்கியது. உடையின் முன்பக்கம் நனைந்து உடம்போடு ஒட்ட, பால் சொட்டுச் சொட்டாகப் படியில் விழுந்து, அங்கிருந்து அடுத்த படிக்கு வழிந்துகொண்டிருந்தது.